தெருவில் படுப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எப்படி

கொழும்பில் புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடைகளுக்கு ஷட்டர் இறக்கிய பிறகு வாசலில் காட்போட் விரித்துப் படுப்பவர்களை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டுபோவது, அங்கே போய் என்ன சொல்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. இந்த வேலையாக வார்ட்டுகளிலும் கிளினிக் வரிசைகளிலும் நிறைய நேரம் நின்றிருக்கிறேன், அந்த அனுபவம்தான்.

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அடையாள அட்டை இல்லை, விலாசம் இல்லை, கூட யாரும் வரவில்லை என்பதெல்லாம் அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. அப்படியிருந்தும் கால் அழுகும்வரை ஏன் தெருவிலேயே கிடக்கிறார்கள்? ஏனென்றால் நம்முடைய ஆஸ்பத்திரி பாதி வேலையை நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் விட்டிருக்கிறது. கூட்டிக்கொண்டு வருவது, வரிசையில் நிற்பது, அவர் சொல்ல மறந்ததை டொக்டரிடம் சொல்வது, சாரமும் சவர்க்காரமும் கொண்டுவந்து கொடுப்பது, வெளியில் எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கிவருவது, டிக்கட் வெட்டுகிற, அதாவது வார்ட்டிலிருந்து வீட்டுக்கு விடுகிற நாளில் வந்து நிற்பது, எல்லாமே வீட்டு ஆட்கள் செய்வது. வீடே இல்லாதவருக்கு இதில் ஒன்றும் நடக்காது. நாம் செய்யப்போவது பெரிய சேவை ஒன்றும் இல்லை, அந்த வீட்டு ஆளின் வேலையைத்தான்.

பேச்சுக் கொடுப்பதிலிருந்து தொடங்குவோம். பகலில் போகாதீர்கள், பகலில் அவர்களில் பலருக்கு வேலை இருக்கிறது: மூட்டை தூக்குகிற நாட்டாமி வேலை, காட்போட், பழைய இரும்பு சேர்ப்பது, கடைக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது. கடை பூட்டிய பிறகோ விடியற்காலை கடை திறக்க முன்போ போங்கள். நின்றுகொண்டு பேசாமல் குந்தி உட்காருங்கள். எடுத்த எடுப்பில் "என்ன வருத்தம்" என்று கேட்காமல் "அண்ணே சாப்பிட்டீங்களா", "ஐயா எந்த ஊர்" என்று தொடங்குங்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள், ஹட்டனா பதுளையா எந்தத் தோட்டம் என்று கேட்டாலே முகம் மாறும். வயதானவர்களை "நீ, வா, போ" என்று பேசவே கூடாது. போட்டோ எடுக்காதீர்கள். உதவி செய்வதைப் பேஸ்புக்கில் போடுவதற்காக எடுத்த படத்தைச் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அந்த இடத்தை விட்டு எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தடவை "வேண்டாம் தம்பி, தானா மாறிடும்" என்றுதான் சொல்வார்கள். அது பிடிவாதம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு இருக்கும், அது என்ன என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அது பை. ஒரு மனிதனுடைய உடுப்பு, போர்வை, பிறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பி, சேர்த்த காசு எல்லாம் அந்த ஒரு பையில் இருக்கும், வார்ட்டில் நிப்பாட்டிவிட்டால் பை போய்விடும், திரும்பி வரும்போது படுக்கிற இடத்தையும் வேறொருவர் பிடித்திருப்பார். அதனால் போவதற்கு முன்பே அவர் நம்புகிற கடைக்காரரிடமோ செக்யூரிட்டியிடமோ அவர் கண்முன்னால் பையைக் கட்டி ஒப்படையுங்கள். வைத்திருப்பவரின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்றவர்கள் இது ஒன்றுக்காகவே கிளம்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பொலிஸ் பயம். 1841 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் பெயரில் பிடித்து, தடுப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்ட கதைகள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் பொலிஸ் காவலரண் இருக்கிறது என்பதும் தெரியும். அடிதடி, வாகன விபத்து என்றால் அங்கே ஒரு பதிவு எழுதுவார்கள், அது காயத்தைப் பற்றிய பதிவு என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, பதிவு எழுதும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். "ஒன்றும் நடக்காது, நான் பொறுப்பு" என்று உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். காலை வெட்டிவிடுவார்கள் என்ற பயமும் அப்படித்தான். கேட்காமல் வெட்டமாட்டார்கள், அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், அது உண்மை.

சரி, யோசிக்க நேரமே இல்லாத நிலைமைகள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம், வலிப்பு, எழுப்பினாலும் எழும்பாதது, திடீரென்று வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது அல்லது ஒரு கை தூக்க முடியாமல் போவது. இதில் எது என்றாலும் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ், 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது, ஒரு சதமும் எடுப்பதில்லை. வீதிப் பெயரோடு பக்கத்தில் இருக்கிற கோயில், பேங்க், பஸ் ஹோல்ட் ஒன்றையும் சொல்லுங்கள், கடைசிவரை போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நில்லுங்கள். வாய் கோணினால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவையுங்கள். பாரிசவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும், வீட்டில் இருப்பவருக்கு நேரம் சொல்ல மனைவி இருப்பாள், தெருவில் இருப்பவருக்கு இரவு செக்யூரிட்டிதான் சொல்லவேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு திணிக்கவேண்டாம், வாய்க்குள்ளும் எதையும் வைக்கவேண்டாம், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தால் போதும்.

இதில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது குடி மணத்தைப் பற்றி. ஒருவர் கிடக்கிறார், பக்கத்தில் போனால் மணக்கிறது, "வெறி, தெளிந்தால் எழும்புவான்" என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தலையில் அடிபட்டவரும் அப்படித்தான் கிடப்பார், இரத்தத்தில் சீனி இறங்கியவரும் அப்படித்தான் கிடப்பார், இரண்டு பேருமே குடித்தும் இருக்கலாம். தட்டி எழுப்பினால் பேசுகிறாரா, தலையில் வீக்கமோ காயமோ இருக்கிறதா, உடம்பு சில்லென்று வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். முழிப்பாக இருந்து விழுங்கவும் முடிந்தால் நிறையச் சீனி போட்ட பிளேன்டீ கொடுக்கலாம். முழிப்பு இல்லாதவர் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். அம்பியூலன்ஸ்காரரிடமும் "குடித்திருக்கிறார்" என்று மட்டும் சொல்லாமல் "எழுப்ப எழும்பவில்லை, சீனியைப் பாருங்கள், தலையைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அவசரம் இல்லாத வருத்தங்களில் நான் அதிகம் கண்டது கால் புண். நாட்டாமி வேலை செய்த ஒரு வயதானவரின் காலை அவிழ்த்தபோது முதலில் ஒரு ஷொப்பிங் பேக், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியது, அதற்குள் பழைய சாரத்துண்டு, அதற்குள் இன்னொரு ஷொப்பிங் பேக், அதற்குள் ஊறி வெளுத்த பாதமும் பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவு குழியும். மழைத்தண்ணீர் போகக்கூடாது என்றுதான் அப்படிக் கட்டியிருந்தார். "நோவே இல்லை, அதனால நல்லா வருது" என்றார். நோவு இல்லாததுதான் பயப்படவேண்டிய விஷயம், சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், கால் உணர்ச்சி செத்துப்போயிருக்கும். விரல் கறுத்திருந்தால், நாற்றம் வந்தால், சிவப்பு மேலே ஏறிக்கொண்டு போனால், காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதுவரை கொதித்தாறிய தண்ணீரால் அல்லது போத்தல் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் இலேசாக மூடினால் போதும். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். புழு இருந்தால் அருவருப்பை முகத்தில் காட்டாதீர்கள், அவருக்கு அது முதலே தெரியும், அதனால்தான் காலைச் சாரத்துக்குள் மறைத்து வைத்திருக்கிறார். நாய், எலி கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், மெலிவு என்றால் காசநோய்ச் சோதனை செய்யவேண்டும். மருதானைப் பக்கம் டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து குறைந்தது ஆறு மாதம், இடையில் விடக்கூடாது, ஒவ்வொரு நாளும் ஒருவர் பார்த்திருக்க விழுங்கவேண்டும் என்பதுதான் முறை, அதற்கு அவருக்குப் பக்கத்தில் என்ன ஏற்பாடு என்று அங்கேயே கேளுங்கள். கூட்டிப்போகும்போது இருவரும் மாஸ்க் போட்டு, ஆட்டோவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வையுங்கள். மருந்து ஒழுங்காகப் போட்டால் சில கிழமையிலேயே மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும், இதைக் கடைக்காரர்களுக்கும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவரை அந்த வாசலிலிருந்து விரட்டிவிடுவார்கள், அதோடு மருந்தும் நின்றுவிடும்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் நினைவில் இருக்கட்டும். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல், நோவுக் குளிசை கொடுக்காதீர்கள். கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சிறுநீர் குறைவதும் இருந்தால், வாய்க்கால் பக்கம் படுக்கிறார், வெள்ளத் தண்ணீரில் நடக்கிறார் என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

எங்கே போவது? பெரியவர்களுக்குப் பெரியாஸ்பத்திரி, அதாவது தேசிய வைத்தியசாலை, அடிபட்ட காயம் என்றால் அதன் விபத்துச் சேவைப் பிரிவு. வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. பிள்ளைகளுக்கு லேடி ரிஜ்வே, கர்ப்பிணிகளுக்கு டி சொய்சா அல்லது காசல் வீதி. சின்னக் காயத்துக்கும் மருந்து கட்டுவதற்கும் மாநகர சபையின் இலவச மருந்தகங்கள் போதும், வரிசையும் குறைவு. மனக்குழப்பம், யாரோ கூப்பிடுகிற மாதிரிக் கேட்பது, சாகவேண்டும் என்ற பேச்சு என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்கு முதலில் போன் எடுத்துக் கேளுங்கள்.

வெளிநோயாளர் பிரிவுக்குப் போவதென்றால் விடிய வெள்ளெனப் போய் நம்பர் எடுங்கள். முடிந்தால் போக முன்பு ஒரு குளிப்பும் மாற்றுச் சாரமும். ஆஸ்பத்திரி அதைக் கேட்பதில்லை, ஆனால் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்தினால் அவர் வெட்கப்பட்டு வரிசையிலிருந்து நழுவிவிடுவார், அப்புறம் அவரை மறுபடி கூட்டிவர மாதக்கணக்காகும். ஒரு துண்டில் பெயர், வயது, எத்தனை நாளாக என்ன செய்கிறது, போடுகிற மருந்து, குடிப்பழக்கம், தெருவில் படுக்கிறார் என்பது, உங்கள் போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள், சிங்களத்தில் எழுதக்கூடிய யாரிடமாவது எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்று, டொக்டர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு வெளியே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தெரியாததனால் தலையாட்டுகிறார். நெஞ்சு நோவுக்கு "பப்புவே வேதனாவ", மூச்சு எடுக்கக் கஷ்டம் என்பதற்கு "ஹுஸ்ம கன்ன அமாருய்", வீடு இல்லை என்பதற்கு "கெதரக் நே", இந்த மூன்றுமாவது அவர் வாயில் இருக்கட்டும். யாராவது ஊழியர் ஏசினால் அங்கே சண்டை பிடிக்கவேண்டாம். பெயரைக் குறித்துக்கொண்டு பிறகு பணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், நோயாளி இன்னும் அவர்கள் கையில்தானே இருக்கிறார்.

வார்ட்டில் நிப்பாட்டினால் சாப்பாடு ஆஸ்பத்திரி தரும். மற்றதெல்லாம் நாம்தான்: இரண்டு சாரம், துவாய், சவர்க்காரம், பல் தூரிகை, செருப்பு, பீங்கான், கோப்பை, தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர் என்றால் அதை ஒளிக்காமல் நேர்ஸிடம் சொல்லுங்கள், இது மானப் பிரச்சினை இல்லை. திடீரென்று குடி நின்றால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது வரலாம், உயிருக்கே ஆபத்து, முன்கூட்டித் தெரிந்தால் மருந்து இருக்கிறது. தெரியாவிட்டால் அவர் இரவில் எழும்பி ஓடுவார், "நோயாளி ஓடிவிட்டார்" என்று எழுதுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில மருந்தையும் சோதனையையும் வெளியில் எழுதிக்கொடுப்பது பழக்கமாகிவிட்டது. துண்டு கையில் வந்ததும் ஓடாமல், இது உள்ளே வருமா, பொறுக்கலாமா, இதற்குப் பதில் வேறு இருக்கிறதா என்று கேளுங்கள், வாங்கத்தான் வேண்டும் என்றால் முதலில் அரச மருந்துக்கடையான ஒசுசலவைப் பாருங்கள்.

மருந்து எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் மிகவும் பிரயோசனம். தெருவில் இருப்பவருக்கு மூன்று வேளைக் குளிசை சரிவராது, ஒரு வேளையாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சீனிக் குளிசைகளில் சில, சாப்பிடாமல் போட்டால் சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடும், இவருக்குச் சாப்பாடு எப்போது கிடைக்கும் என்பதே நிச்சயம் இல்லை என்பதை டொக்டருக்குச் சொல்லவேண்டும். நீர் போகிற குளிசையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் நியாயமானது: பொது மலசலகூடத்துக்குக் காசு கொடுக்கவேண்டும், இரவில் அதுவும் பூட்டு. எந்த நேரத்தில் போட்டால் சமாளிக்கலாம் என்று டொக்டரும் அவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். இன்சுலின் கொழும்பு வெயிலில் பைக்குள் கிடந்து கெட்டுவிடும். தெரிந்த கடையின் பிரிட்ஜில் வைக்கச் சொல்லலாம், ஐஸ் பெட்டிக்குள் மட்டும் கூடாது. ஒரு கடையும் ஒத்துவராவிட்டால் பொலித்தீனில் சுற்றி ஈரமண் சட்டிக்குள் நிழலில் வைப்பதும் உதவும். குளிசைகளை சிப் போட்ட பிளாஸ்டிக் பையில், கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.

இனி டிக்கட் வெட்டுவது. எல்லாம் கெட்டுப்போவது இங்கேதான். காலையில் டொக்டர் சுற்றிப் பார்ப்பார், மத்தியானத்துக்குள் டிக்கட் வெட்டிவிடுவார்கள், பின்னேரம் மனிதர் கால் கட்டோடு திரும்பவும் அதே வாசலில் இருப்பார். ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு "இரண்டு கிழமை கட்டில் ஓய்வு, கால் நனையக்கூடாது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று இரவு மழை. இதைத் தடுக்க, வார்ட்டில் சேர்த்த முதல் நாளே வார்ட் சிஸ்டரிடம் "இவருக்குப் போக வீடு இல்லை, டிக்கட் வெட்ட முன் எனக்கு ஒரு கோல் எடுங்க மிஸ்" என்று சொல்லி, அவருடைய வார்ட் பதிவான கட்டில் டிக்கட்டில் உங்கள் நம்பரை எழுதவையுங்கள். வீடு இல்லை என்பது டொக்டருக்குத் தெரிந்தால் காயம் ஆறும்வரை சில நாள் கூடுதலாக வைத்திருக்கவும் செய்வார்கள், பலர் நல்ல மனதோடு செய்திருக்கிறார்கள், கட்டில் நெருக்கடியில் எப்போதும் முடிவதில்லை. வெளியே வரும்போது மூன்று விஷயம் கையில் இருக்கவேண்டும்: நோய் விபர அட்டை, கிளினிக் திகதி, கட்டு மாற்றுவது எங்கே என்ற பதில். அவர் சம்மதித்தால் அட்டையை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள், பேப்பர் நிச்சயம் நனையும். திகதியை வாசிக்கத் தெரியாதவருக்கு "போயா கழித்து வருகிற செவ்வாய்" என்று சொல்லுங்கள், கடைக்காரரின் கலண்டரிலும் வட்டம் போடுங்கள்.

திரும்பத் தெருவுக்கே போக முடியாத அளவு முடியாதவர் என்றால், டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், கொழும்பு நகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு செயலகம், எதற்குள் அவர் படுக்கிற இடம் வருகிறது என்று முதலில் கேளுங்கள். மருதானை டார்லி வீதியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் போன்ற இடங்களிலும் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். எந்த இல்லமாக இருந்தாலும் அவரைக் கூட்டிப்போய்க் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் சேர்க்கவேண்டும்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் அடையாள அட்டை வேலையைத் தொடங்குங்கள், கிளினிக் பதிவுக்கும் அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுக்கும் அது கேட்பார்கள். பழைய நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள், பலருக்கு அட்டை தொலைந்து பல வருடம் போயும் ஒன்பது இலக்கமும் கடைசி எழுத்தும் மனப்பாடம். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அதை வைத்து அவர் சொல்வது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு எடுத்து, கிராம சேவகரிடம் போகவேண்டும். தோட்டத்தில் பிறந்தவர் என்றால் தோட்ட நிர்வாகம் உறுதிப்படுத்தலாம், அங்கே இன்னும் யாராவது சொந்தம் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும் உதவி கிடைக்கும், ஆனால் ஊருக்குத் தகவல் சொல்வதா வேண்டாமா என்று அவரைக் கேட்காமல் ஒரு கோல்கூட எடுக்காதீர்கள். பொலிஸுக்கும் கிராம சேவகரிடமும் போகிற அன்று நாள் கூலி போய்விடும் என்பதால் ஒரே காலையில் இரண்டையும் முடிக்கிற மாதிரி நாளைப் பிடியுங்கள், மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கும் கையில் காசு வைத்துக்கொண்டு போங்கள்.